நீலகிரியில் விளைந்த கசப்பு

வடித்தெடுத்த மது ஒன்றோடு பழச்சாறு, சர்க்கரைப்பாகு, சோடா, கசப்புச்சாறு முதலியவற்றைச் சேர்த்துக் கலக்கும் பானங்களைக் காக்டெயில் என்பர். உலகெங்கும் பரிமாறப்படும் இவ்வகைப் பானங்களுள் புகழ்பெற்ற பலவற்றைத் தேடிப்போனால், அமெரிக்கக் கண்டத்தின் இரண்டு தாவரங்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. ஒன்று, மெக்சிகோவின் வறண்ட மேட்டுநிலத்தில் வளரும் அகேவ் என்னும் பெருங்கற்றாழை. டெக்கிலா என்னும் மது அதிலிருந்து வடிக்கப்படுகிறது. மற்றொன்று, ஆண்டீஸ் மலையின் ஈரக்காடுகளில் வளரும் சிங்கோனா மரம்; டானிக் வாட்டர் என்னும் சோடாவுக்குக் கசப்பைத் தரும் கொய்னா என்னும் மருந்துப்பொருள் அம்மரத்தின் பட்டையில் இருக்கிறது. இவ்விரண்டும் கடல்கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தன. பெருங்கற்றாழை வயலோரத்திலும் ரயில்பாதை ஓரத்திலும் வேலியாக நின்றுவிட, சிங்கோனாவோ அரசின் நேரடிப் பயிராக நீலகிரியில் ஊன்றப்பட்டு, அம்மலையின் காட்டையும் உழைப்பையும் மாற்றியது. ஜின் என்னும் மதுவும் டானிக்கும் கலந்த பானத்தைப் பற்றி எழுதுவோர் லண்டனையும் படைவீரர்களையும் தவறாமல் குறிப்பிடுகின்றனர். நீலகிரியின் உதகமண்டலத்தையும் நடுவட்டத்தையும் குறிப்பிடுவோர் மிகக் குறைவு. அந்தக் கசப்பு விளைந்த நிலத்தின் கதை இல்லாமல் பானத்தின் கதை நிறைவடையாது.

முதலில் கற்றாழையைப் பற்றிச் சுருக்கமாகக் கூறவேண்டும். ஐரோப்பியர் வருமுன்பே மெக்சிகோ மக்கள் அகேவ் செடியின் இனிப்பு நீரைப் புளிக்கவைத்து, நம் ஊர்க் கள்ளைப் போன்ற புல்க்கே என்னும் பானத்தை அருந்திவந்தனர். ஸ்பானியர் காய்ச்சி வடிக்கும் கலத்தைக் கொண்டுவந்த பிறகு, செடியின் அடித்தண்டைச் சுட்டு, நசுக்கி, சாற்றை நொதிக்கவைத்து வடிக்கும் மெஸ்கால் என்னும் மது பரவியது. ஹலிஸ்கோ மாநிலத்தில் டெக்கிலா என்னும் ஊரைச் சுற்றி வடிக்கப்பட்ட மெஸ்காலே பின்னர் ஊரின் பெயரைத் தனக்குப் பெற்றது. 1795ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசர் குவேர்வோ குடும்பத்துக்கு அதை உற்பத்தி செய்ய உரிமம் அளித்தார். நீல அகேவ் என்னும் ஒரே இனத்திலிருந்து, ஹலிஸ்கோவிலும் வேறு நான்கு மாநிலங்களின் குறித்த பகுதிகளிலும் வடிக்கப்படுவதற்கு மட்டுமே அப்பெயர் உரியது என்னும் காப்பு 1974இல் ஏற்பட்டது. செடி முதிர ஏழெட்டு ஆண்டுகள் பிடிக்கும். இலைகளை வெட்டியபின் எஞ்சும் அன்னாசி வடிவத் தண்டைச் சூளையில் நெடுநேரம் வேகவைக்கும்போது அதிலுள்ள கூட்டுச் சர்க்கரைப்பொருள் எளிய சர்க்கரையாக மாறுகிறது.

அகேவ் இனத்தைச் சேர்ந்த பெருங்கற்றாழை தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களில் வேலிக்காகவும் நாருக்காகவும் பரவலாக வளர்கிறது. அதன் நாரைத் திரித்துக் கயிறு செய்வதும் பழைய வழக்கம். இங்கு யாரும் அதை மதுவின் மூலமாக நெடுங்காலம் எண்ணவில்லை. ஒரு நிறுவனம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் ஆலை அமைத்து, தக்காணத்தில் வளரும் அகேவிலிருந்து வடித்த மதுவை டெஸ்மண்ட்ஜி என்னும் பெயரில் 2011இல் கோவாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோதுதான் அந்த எண்ணம் செயலானது. மெக்சிகோவின் காப்பு காரணமாக அதை டெக்கிலா என்று அழைக்க இயலாது. அகேவ் மது என்றே அது விற்கப்படுகிறது. நீலகிரியின் கதை இதற்கு நேர்மாறானது. இங்கு மது வடிக்கும் செடி வரவில்லை. மதுவோடு சேரும் கசப்பு மிகுந்த முயற்சியோடு கொண்டுவரப்பட்டது.

சிங்கோனா, காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். பெரு, ஈக்வடார், பொலிவியா, கொலம்பியா ஆகிய நாடுகளில் ஆண்டீஸ் மலையின் சரிவுகளில் அதன் பல இனங்கள் இயல்பாக வளர்கின்றன. அதன் பட்டைப்பொடி, விட்டுவிட்டுக் குளிரெடுத்து வரும் காய்ச்சலைத் தணிக்கிறது என்பதை ஏசு சபைத் துறவியர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவுக்கு அறிவித்தனர். பெருவின் ஆளுநர் மனைவியான சின்சோன் சீமாட்டி அதனால் குணமடைந்தார் என்னும் கதை பிற்காலத்தில் பரவியது. அதை நம்பியே தாவரவியலாளர் லின்னேயஸ் 1742இல் அந்தச் சீமாட்டியின் பெயரை ஓர் எழுத்துப் பிழையோடு மரத்துக்கு இட்டார். கதைக்குச் சான்றில்லை என்று ஆய்வாளர்கள் பின்னர் காட்டியபோதும் பெயர் நிலைத்துவிட்டது. 1820இல் பாரிஸ் நகரில் பெல்லத்தியே, காவந்து என்னும் இரு வேதியியலாளர்கள் பட்டையிலிருந்து குவினைனைத் தனியே பிரித்தெடுத்தனர். தமிழ்நாட்டில் கொய்னா என்று வழங்குவது இதுவே. தாவரங்களில் காணப்படும், நைட்ரஜன் அடங்கிய, பெரும்பாலும் கசப்பும் மருந்தாற்றலும் கொண்ட இத்தகைய பொருள்களை ஆல்கலாய்டுகள் என்பர். பிரித்தெடுக்கும் முறை தெரிந்தபின் மருந்தை அளவிட்டுக் கொடுக்க முடிந்தது. அதனால் பட்டைக்கு இருந்த தேவை பலமடங்கு பெருகியது.

மலேரியா காய்ச்சல் ஆங்கிலேய ஆட்சிக்குப் பெரும் இடையூறாக இருந்தது. படைவீரரும் அலுவலரும் மட்டுமின்றி, எண்ணிலடங்காத உழவரும் கூலித் தொழிலாளரும் ஆண்டுதோறும் அதில் மடிந்தனர். ஆண்டீஸ் காடுகளில் மரங்களை வெட்டிப் பட்டையுரிக்கும் முறை நெடுநாள் தாங்காது என்னும் அச்சமும், விலையைத் தென் அமெரிக்க வணிகர் தீர்மானிக்கும் நிலையை மாற்றவேண்டும் என்னும் எண்ணமும் சேர்ந்து, மரத்தையே தன் ஆட்சிப்பகுதிக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு லண்டன் அரசைத் தூண்டின. டச்சுக்காரர்கள் அதற்கு முன்பே, 1850களின் முற்பகுதியில், ஜாவா தீவில் இம்முயற்சியைத் தொடங்கியிருந்தனர். 1859இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்னும் இந்திய அலுவலக எழுத்தரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் பெருவின் கரவாயா காடுகளில் சேகரித்து, வார்டியன் பெட்டி எனப்படும் மூடிய கண்ணாடிப் பேழைகளில் அனுப்பிய கன்றுகள், செங்கடலின் வெப்பத்தில் வாடி, உதகமண்டலம் வந்தபின் முற்றிலும் பட்டுப்போயின. நீலகிரி சிங்கோனாவின் மூதாதை என்று சொல்லத்தக்கவை வேறொருவர் அனுப்பியவை. ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்னும் தாவரவியலாளர் நோயுற்ற உடலோடு ஈக்வடாரில் சிம்பொராசோ மலையின் சரிவுகளில் சிவப்புப் பட்டை இனத்தின் விதைகளை 1860இல் திரட்டினார். அவர் அனுப்பிய விதைகள் ஏறத்தாழ ஒரு லட்சம். கன்றுகளைப் பேணி வளர்த்த ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்காரர் தாமே உடன்வந்து 1861 ஏப்ரலில் அவற்றை உதகமண்டலத்தில் ஒப்படைத்தார். திட்டத்தின் புகழ் மார்க்கமுக்குச் சேர்ந்தது. அமேசானிலும் ஆண்டீஸிலும் தம் உடல்நலத்தை இழந்த ஸ்புரூஸ், சிறிய ஓய்வூதியத்தோடு இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் காலம் கழித்தார். வரலாறு அவருக்கு இழைத்த இந்த அநீதி, மரத்தோடு தொடர்புடைய அநீதிகளுள் மிகச் சிறியதே.

நீலகிரி தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருந்தும் உயரத்தால் குளிர்ந்த காற்று, இரு பருவமழைகளின் ஈரம், சோலைக்காடுகள் ஆண்டுக்கணக்கில் உதிர்த்துச் சேர்த்த கருமண் ஆகியவை ஆண்டீஸை நினைவூட்டின. அதைவிட முக்கியமாக, அங்கே வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் இருந்தார். லண்டன் கியூ தோட்டத்தில் பயின்று 1848இல் உதகமண்டலத்துக்கு வந்து, இன்று சுற்றுலாப் பயணிகள் மலர்க்கண்காட்சிக்குத் திரளும் தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர் அவரே. விதைகளை அவர் முளைக்கவைத்தார்; துளிர்களை வெட்டிப் பதியன் போட்டுப் பெருக்கினார்; தொட்டபெட்டா மலைச்சரிவில் உயர்ந்த இடத்துக்கு உகந்த இனத்தையும், கூடலூரை நோக்கி நிலம் சரியும் நடுவட்டத்தில் சிவப்புப் பட்டை இனத்தையும் நட்டார். மரத்தை வெட்டாமலே பட்டை எடுக்கும் முறை ஒன்றையும் அவர் கண்டார். அடிமரத்தில் நெட்டுவாக்கில் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தை ஈரப்பாசியால் மூடிக் கட்டினால், அங்கே புதுப்பட்டை வளர்கிறது. அதில் கொய்னாவின் அளவும் கூடுகிறது. பாசி மூடும் முறை என்று இது தோட்டப்பயிர் நூல்களில் இடம்பெற்றது. ஒரு மரத்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்தும் இந்த எண்ணம் அக்காலத்துத் தோட்டத் தொழிலில் அரிதானது என்பதால் மெக்ஐவரின் நுட்பத்தை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் பாசியை எடுத்துவந்தவரும், பட்டையை உரித்தவரும், காட்டை வெட்டித் திருத்தியவரும் அவரல்லர். தொடக்கக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் கிடைப்பது அரிதாக இருந்ததால், மலாயா பகுதியின் ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, நடுவட்டத்தில் சிறை அமைத்து வேலைவாங்கப்பட்டனர். அந்தச் சிறைக் கட்டடம் இன்றும் அங்கே இருக்கிறது. தண்டனைக் காலம் முடிந்தபின் சிலர் தாயகம் திரும்பாமல் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியேறித் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்து வாழ்ந்ததைச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பதிவுசெய்திருக்கிறார். நீலகிரியில் தேயிலை பதப்படுத்தும் கலையைத் தொடக்கத்தில் கற்றுத்தந்தவர்களும் இக்கைதிகளே என்னும் செய்தி மலைவாசிகளிடையே வழங்கிவருகிறது. நிலத்தின் பக்கம் நோக்கினால், சிங்கோனாவுக்கு வேண்டிய கருமண் சோலைகளின் அடியில்தான் இருந்தது. எனவே ஓடையோரச் சோலைகள் வெட்டப்பட்டன. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியும் அதையொட்டிய சோலையும் சேர்ந்தே மழைநீரைத் தேக்கி ஆறுகளுக்கு விட்டுவந்தன என்பதை நோக்கும்போது, மருந்துக்காக என்றாலும் கொடுத்த விலை பெரிது.

இந்த உழைப்பின் விளைவாகக் கிடைத்த அறிவு, மருந்தைவிடக் குறைந்ததன்று. நீலகிரியில் செழித்து வளர்ந்த சிவப்புப் பட்டையில் கொய்னா குறைவு. சிங்கோனிடின் முதலிய பிற ஆல்கலாய்டுகள் மிகுதி. அவை பயனற்றவை என்றால் தோட்டமே வீண். எனவே 1866இல் சென்னை அரசு ஒரு மருத்துவக் குழுவை அமைத்து, பட்டையிலுள்ள நான்கு முக்கிய ஆல்கலாய்டுகளையும் காய்ச்சல் நோயாளிகளுக்குத் தனித்தனியே கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தது. நான்குமே காய்ச்சலைத் தணிக்கின்றன, அவற்றின் ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லை என்பது குழுவின் முடிவு. பெருந்தொகை நோயாளிகளைக் கொண்டு மருந்துகளை ஒப்பிட்ட முற்காலச் சோதனைகளுள் ஒன்று சென்னை மாகாணத்தில் நடந்தது என்பது, மருத்துவ வரலாற்றில் இன்னும் உரிய கவனம் பெறாத செய்தி. அதே ஆண்டில் ஜான் பிராட்டன் என்னும் வேதியியலாளர், கொய்னா ஆய்வுக்கென்றே ஏற்படுத்தப்பட்ட பதவியில் உதகமண்டலத்தில் அமர்ந்தார். தூய கொய்னாவாக இல்லாவிட்டாலும் எல்லா ஆல்கலாய்டுகளும் சேர்ந்த மலிவான காய்ச்சல் மருந்தை இங்கேயே செய்து ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்னும் கொள்கை இத்தகைய ஆய்வுகளிலிருந்து பிறந்தது. பின்னர் நடுவட்டத்தில் அரசின் கொய்னா ஆலையும் எழுந்தது. பட்டைப்பொடியைச் சுண்ணாம்போடு சேர்த்து, எண்ணெயில் ஆல்கலாய்டுகளைக் கரையச்செய்து, நீர்த்த கந்தக அமிலத்தால் அவற்றைப் பிரித்துப் படிகமாக்குவது அக்கால ஆலைகளின் பொதுமுறை. வங்காளத்தில் 1892 முதல் அஞ்சலகங்களிலேயே காசுப் பொட்டலங்களாகக் கொய்னா விற்கப்பட்டது. அம்முறை பிற மாகாணங்களுக்கும் பரவியது.

மருந்து மலைச்சிகரத்தைவிட அடிவாரத்துக்கே தேவையாக இருந்தது. உதகமண்டலத்தின் குளிரில் மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் முதிர்வதில்லை. ஆனால் சீகூர், மசினகுடி, கூடலூர், வயநாடு ஆகிய தாழ்ந்த பகுதிகளில் காய்ச்சல் கொடுமையாக இருந்தது. 1880ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் தங்கம் கிடைக்கும் என்று லண்டன் முதலீட்டாளர் பணத்தைக் கொட்டியபோது, சுரங்கத்துக்குச் சென்ற தொழிலாளரும் காப்பித் தோட்டத்தாரும் இக்காய்ச்சலோடு போராடவேண்டியிருந்தது. மலேரியாவின் மறைபொருளை வெளிப்படுத்திய ரொனால்டு ராஸ் 1897 ஏப்ரலில் உதகமண்டலத்துக்கு விடுப்பில் வந்திருந்தபோது, நோயை அறிவதற்காகச் சீகூர் மலைச்சாலையில் இறங்கிச் சென்று, சில நாள்களிலேயே தாமும் மலேரியாவுக்கு ஆளானார். அந்தப் பகுதியில் அவர் கண்ட, இறக்கையில் புள்ளிகள் கொண்ட கொசு அவர் கவனத்தை ஈர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் செகந்திராபாத்தில், அவ்வகைக் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை அவர் கண்டறிந்தார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொய்னா மரம் நட்ட மலையின் சரிவிலேயே, நோயைப் பரப்பும் உயிரின் அடையாளத்துக்கும் ஒரு தடயம் கிடைத்தது.

இனி, மருந்து பானமான வரலாற்றைக் காணலாம். கொய்னாவின் கசப்பு நாவில் நெடுநேரம் நிற்கக்கூடியது. மிகச் சிறிய அளவிலேயே உணரப்படுவது. காய்ச்சல் பகுதிகளில் பணியாற்றியோர் அதைச் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, சோடா, மது ஆகியவற்றோடு கலந்து விழுங்கினர். இதே காலத்தில் ஐரோப்பாவில் சோடாத் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. 1858இல் லண்டனைச் சேர்ந்த எராஸ்மஸ் பாண்டு என்பவர் கொய்னா சேர்த்த, கரியமில வாயு ஏற்றிய பானத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1870இல் ஷ்வெப்ஸ் நிறுவனம் இந்தியக் கொய்னா டானிக் என்னும் பெயரில் தன் பானத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜின்னோடு டானிக்கைக் கலந்து அருந்தியதற்கு இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய அச்சுச் சான்றுகளுள் ஒன்று, 1868இல் வெளிவந்த ஓர் இந்திய விளையாட்டு இதழில் வரும் குதிரைப்பந்தயச் செய்தி. படை மருத்துவர் கொடுத்த கசப்பு மருந்தை விழுங்குவதற்காக வீரர்கள் ஜின்னைச் சேர்த்ததால் இப்பானம் பிறந்தது என்னும் கதை எங்கும் சொல்லப்படுகிறது. சான்றோ அதைக் காய்ச்சல் முகாமில் காட்டாமல் பந்தயத் திடலில் காட்டுகிறது. 1841இல் தொடங்கப்பட்ட உதகமண்டலம் கிளப்புக்கும் இது பொருந்தும். மலேரியா எட்டாத உயரத்தில் அமர்ந்து டானிக் அருந்தியவர்களுக்கு அது மருந்தாக இல்லை. தாழ்நிலத்து அச்சத்தை நினைவில் வைத்திருந்த ஒரு வர்க்கத்தின் மாலைப் பழக்கமாகவும் அந்தஸ்தாகவும் அமைந்தது என்று கருதுவதே பொருத்தம்.  

டானிக் மலேரியாவைத் தடுக்குமா என்னும் ஐயத்துக்கு அளவுகளே விடை கூறும். அமெரிக்க உணவு விதிகள் ஒரு லிட்டர் டானிக்கில் ஏறத்தாழ 83 மில்லிகிராம் கொய்னா வரையே அனுமதிக்கின்றன. மலேரியா நோயாளிக்கு மருத்துவர் கொடுத்த கொய்னாவோ நாளொன்றுக்கு 1,800 மில்லிகிராம் அளவில் இருந்தது. அதாவது ஒரு நாள் மருந்துக்கு இருபது லிட்டருக்கும் மேல் குடிக்கவேண்டும். ஆகவே டானிக் என்பது நாவுக்கான பொருள். கொய்னா ஒவ்வாதவர்களுக்குச் சிறிய அளவிலும் தீங்கு நேரலாம் என்பதால், கருவுற்றவர்களும், இதய நோய்க்கு மருந்து உண்பவர்களும், முன்பு கொய்னாவால் காதிரைச்சலோ தோல் தடிப்போ கண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை அருந்தக்கூடாது.

சுவையின் நோக்கில் டானிக் நான்கு பொருள்களின் சமநிலை: கொய்னாவின் கசப்பு, சர்க்கரையின் இனிப்பு, சிட்ரிக் அமிலத்தின் புளிப்பு, கரியமில வாயுவின் கூர்மை. ஜின் என்பது தானியத்திலிருந்து வடித்த மதுவில் ஜூனிபர் காயை ஊறவைத்து மணமேற்றியது. அந்தக் காயின் பிசின் மணமும் கொய்னாவின் கசப்பும் ஒன்றையொன்று தணிப்பதால் இரண்டும் தனித்தனியே இருப்பதைவிடச் சேர்ந்தபோது மென்மையாகத் தோன்றுகின்றன. நீண்ட கோப்பையைப் பனிக்கட்டியால் நிரப்பி, ஒரு பங்கு ஜின் ஊற்றி, குளிரவைத்த டானிக்கை இரண்டரை அல்லது மூன்று பங்கு கோப்பையின் ஓரமாக மெல்லச் சரித்து, எலுமிச்சைத் துண்டு ஒன்றைப் பிழிந்துவிடுவது வழக்கமான முறை. பனிக்கட்டி குறைவாக இருந்தால் அது விரைவில் உருகிப் பானத்தை நீர்க்கச்செய்யும். வேகமாகக் கலக்கினால் வாயு வெளியேறிவிடும். மதுக்கூடத்தின் புற ஊதா விளக்கின்கீழ் டானிக் நீலமாக ஒளிர்வதற்குக் காரணமும் கொய்னாவே. 1845இல் அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கொய்னாக் கரைசலில் கவனித்த அந்த நீலத்தைத் தொடர்ந்தே ஒளிர்தல் பற்றிய அறிவியல் வளர்ந்தது.

ஜின்னுக்கு மாற்றாக டெக்கிலாவைச் சேர்த்தால், தொடக்கத்தில் கூறிய இரண்டு அமெரிக்கத் தாவரங்களும் ஒரே கோப்பையில் சேர்கின்றன. இதற்கு மரப்பீப்பாயில் முதிரவைக்காத தெளிந்த டெக்கிலா ஏற்றது. சுட்ட தண்டின் பச்சிலை மணம் கசப்போடு நன்கு இசையும், எலுமிச்சையோடு ஒரு சிட்டிகை உப்பு சேர்ந்தால் கசப்பு தணியும். உப்பு கசப்பை அடக்கும் இந்த இயல்பே, எலுமிச்சைச் சாறும் ஆரஞ்சு மதுவும் டெக்கிலாவும் சேர்ந்த மார்கரீட்டாவின் கோப்பை விளிம்பில் உப்பு தடவுவதற்கும் ஒரு காரணம். பப்ளிமாஸ் இனத்துப் பழத்தின் சோடாவோடு டெக்கிலாவைக் கலக்கும் பலோமா என்னும் பானத்தையும் மெக்சிகோ மக்கள் விரும்புகின்றனர். அப்பழத்தின் இயற்கைக் கசப்பு டானிக்கின் வேலையைச் செய்கிறது. பிரான்சிலோ கொய்னாவைத் திராட்சை மதுவில் சேர்த்தனர். 1846இல் தோன்றிய துபோனே அவ்வகையில் புகழ்பெற்றது.

மது அருந்தாதோருக்கும் இக்கசப்பு விலக்கானதன்று. நீலகிரித் தேயிலைக்கு ஒரு சிறப்பு உண்டு: அதன் வடிநீர் குளிர்ந்தபின்னும் கலங்காமல் தெளிவாக நிற்பதால் உலகில் குளிர்தேநீர் செய்வோர் அதை நாடுகின்றனர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் பறித்த இலை மணத்தில் மேலானது; அந்த இலையின் வடிநீரை ஆறவைத்து, பாதிக்குப் பாதி டானிக் சேர்த்து, எலுமிச்சைத் தோல் ஒரு கீற்று இட்டால், தேயிலையின் துவர்ப்பும் கொய்னாவின் கசப்பும் சேர்ந்த பானம் கிடைக்கும். நீலகிரியின் இரண்டு தோட்டப்பயிர்களின் சுவையும் மதுவின் தீங்கு இல்லாமல் ஒன்றுசேரும் இப்பானம், மலைநகர விடுதிகளின் பட்டியலில் இடம்பெறத் தகுதியுடையது.

நீலகிரி சிங்கோனாவின் வீழ்ச்சிக்கும் ஒரு பொட்டல விதை முக்கியக் காரணம். 1865இல் சார்லஸ் லெட்ஜர் என்னும் வணிகருக்காகப் பொலிவியாவின் அய்மாரா பழங்குடியைச் சேர்ந்த மனுவல் இன்க்ரா மமானி, கொய்னா மிகுந்த இனம் ஒன்றின் விதைகளைத் திரட்டிக்கொடுத்தார். லண்டன் அரசு அவற்றை வாங்க மறுத்தது. டச்சு அரசு ஏறத்தாழ ஒரு பவுண்டு விதையை வாங்கி ஜாவாவில் விதைத்தது. அம்மரங்களின் பட்டையில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் கொய்னா இருந்தது. நீலகிரியின் சிவப்புப் பட்டையால் அதை நெருங்கவே இயலவில்லை. மீண்டும் விதை திரட்டச் சென்ற மமானி கைதுசெய்யப்பட்டு, அடித்துத் துன்புறுத்தப்பட்டு இறந்தார். கோடிக்கணக்கானோரின் உயிர்காத்த மரத்தின் விதையை அடையாளம் கண்ட அந்த மனிதருக்கு மரத்தின் பெயரில் இடமில்லை. லெட்ஜரின் பெயரே அந்த இனத்துக்கு இடப்பட்டது. இலங்கையில் காப்பியை இலைத்துரு நோய் அழித்தபோது தோட்ட முதலாளிகள் பெருமளவில் சிங்கோனாவுக்கு மாறியதால் சந்தையில் பட்டை குவிந்து, 1880களின் இறுதியில் விலை வீழ்ந்தது. பின்னர் அவர்கள் அதைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டனர். இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகின் கொய்னாவில் மிகப் பெரும்பகுதி ஜாவாவிலிருந்தே வந்தது. 1942இல் ஜப்பான் அத்தீவைக் கைப்பற்றியபோது நீலகிரி, ஆனைமலைத் தோட்டங்களுக்குச் சிலகாலம் மீண்டும் மதிப்பு ஏற்பட்டதெனினும், போருக்குப்பின் குளோரோகுயின் முதலிய செயற்கை மருந்துகள் மலிவாகப் பெருகி, பட்டைக்கு இருந்த மருத்துவத் தேவையைக் குறைத்துவிட்டன.

அரசின் சிங்கோனாத் துறை அதன்பின் சுருங்கி, அதன் நிலங்கள் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாகிய டான்டீயின் பொறுப்புக்கு வந்து தேயிலைக் காடுகளாயின. வால்பாறைக்கு அருகே சிங்கோனா என்னும் பெயரில் ஓர் ஊர் நிலைத்திருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலைகொடுப்பதற்காக 1968இல் தொடங்கிய முயற்சியே டான்டீ. இலங்கை மலையகத்தில் சிங்கோனா அகற்றப்பட்ட சரிவுகளில் தேயிலை நட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்களுள் பலர், நீலகிரியிலும் கொழுந்து பறிக்க வந்தனர். இன்று உலகச் சந்தையின் டானிக்குகளுக்கு வேண்டிய பட்டையில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசின் மலைப்பகுதியிலிருந்து செல்கிறது. நடுவட்டத்திலும் தொட்டபெட்டாவிலும் எஞ்சியுள்ள பழைய சிங்கோனா மரங்களையும், சிறைக் கட்டடத்தையும், கொய்னா ஆலையின் நினைவுகளையும் ஒருங்கே பேணி, கைதிகள், தோட்டத் தொழிலாளர், ஸ்புரூஸ், கிராஸ், மமானி ஆகியோரின் பெயரும் பணியும் தமிழில் எழுதி வைக்கப்படவேண்டும். அதற்கு வேண்டிய ஆவணங்கள் சென்னை ஆவணக் காப்பகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. மரங்களின் வயதோ நூற்றைம்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.